வாயில்லாச் சீவன்களின் வாய்நோய்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி உதவுக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, எப்பொருள் பற்றி எழுதுவது என்னும் வினா எம்முன் எழுந்தது. கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர் பெருமக்களின் அருந்தொண்டும், விளையாட்டரங்கில் நம்மவர் ஈட்டிய வெற்றிகளும் எம்மினும் வல்லாரால் எழுதப்படும். நாமோ 30 ஆண்டுகளுக்கு மேலாக மாட்டுக் கொட்டில்களிலும் ஆட்டுப் பட்டிகளிலும் காலங்கழித்த மிருக வைத்தியர். எமக்குத் தெரிந்தது அவற்றின் நோயும் நோவுமே. ஆதலின் அதனையே எழுதத் துணிந்தோம். வேட்டியும் சால்வையும் அணிந்து விழா மண்டபத்துக்கு வரும் பெரியோரிடையே சாணி மணக்கும் பொருளொன்றைக் கொணர்ந்தமைக்குப் பழைய மாணவ அன்பர்கள் எம்மைப் பொறுத்தருள்வாராக.

ஆட்டையும் மாட்டையும் ‘வாயில்லாச் சீவன்’ என்பது நம்மவர் வழக்கு. தன் துன்பத்தை எடுத்துச் சொல்ல வாயில்லாதது என்பதே அதன் கருத்து. ஆயின் உண்ணும் வாயை நோக்குமிடத்து, நமக்குள்ள வாயினும் பன்மடங்கு வேலை செய்வது அவ்வாய். நமக்குக் கை உண்டு, கத்தி உண்டு, அடுப்பு உண்டு. மாட்டுக்கு இவை யாவும் வாயே. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றிப் பிடித்து இழுப்பதும், அறுப்பதும், அரைப்பதும், இரைப்பையிலிருந்து மீட்டெடுத்து மறுமுறை அசைபோடுவதும் அவ்வாயே. அதில் ஒரு புண் வந்துவிட்டால் கையும் கத்தியும் அடுப்பும் ஒருங்கே இழந்த குடும்பத்தின் நிலை அதற்கு உண்டாகும்.

நாம் கல்லூரியில் விலங்கியல் கற்ற நாளில், எம் ஆசிரியர் ஒருவர் வகுப்பை நோக்கி, “உங்கள் வீட்டில் மாடு நிற்பவர்கள் கையை உயர்த்துங்கள்” என்றார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. “நல்லது. அம்மாட்டுக்கு மேல்வாயில் முன்பற்கள் எத்தனை?” என்று அடுத்து வினவினார். ஒருவர் எட்டு என்றார். ஒருவர் ஆறு என்றார். வேறொருவர் ஆசிரியரின் முகக்குறிப்பை ஆராய்ந்து பத்து என்றார். “ஒன்றுமில்லை” என்றார் ஆசிரியர். கீழ்வாயில் எட்டு முன்பற்கள் உண்டு. மேல்வாயிலோ தடித்த ஈறு மாத்திரமே. அன்று மாலை எத்தனை மாணவர் தத்தம் வீட்டுப் பசுவின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தனர் என்பதை அப்பசுக்களே அறியும். நாளும் பால் குடித்தும் அப்பாலைத் தரும் வாயைப் பாராதவர் நாம் என்பதை அவ்வாசிரியர் ஒரு வினாவால் உணர்த்தினார். எமது பிற்காலத் தொழிலுக்கு வித்திட்டது அவ்வினாவே என்று சொல்லுதல் மிகையன்று.

வாயின் வேலையை இன்னுஞ் சிறிது விரித்துரைப்போம். வளர்ந்த மாடொன்று ஒரு நாளில் 100 லீற்றருக்குக் குறையாத உமிழ்நீரைச் சுரக்க வல்லது. அந்நீரே வைக்கோலை நனைத்து விழுங்கச் செய்வது. அசைபோடுங்கால் இரைப்பையின் புளிப்பை அடக்குவதும் அதுவே. வாயழற்சி கண்ட மாடு அந்நீரை விழுங்கமாட்டாது. அது கடைவாயிலிருந்து கயிறு கயிறாக வடிந்து நிலத்தில் விழும். உணவும் இல்லை, அசைபோடலும் இல்லை, விழுங்கும் நீரும் இல்லை. மூன்று நாளில் விலாவெலும்பு தோன்றிவிடும்.

வாயழற்சி பலவகைப்படும். அவற்றுள் நம் குடாநாட்டார் நன்கறிந்தது கால்வாய் நோய். தமிழ்நாட்டார் இதனைக் கோமாரி என்றும் காணை என்றும் கூறுவர். காலிலும் வாயிலும் ஒருங்கே காண்பதால் இப்பெயர் பெற்றது. முதலிற் கடுங்காய்ச்சல் காயும். பால் திடீரெனக் குறையும். பின்னர் நாக்கிலும் ஈற்றிலும் உதட்டின் உட்புறத்திலும் நீர்க்கொப்புளங்கள் எழும். மாடு ‘சப், சப்’ என வாயைக் கொட்டும். ஒரு நாளுக்குள் அவை உடைந்து, நாக்கின் தோல் உரிந்து சிவந்த புண்ணாகும். குளம்பின் இடுக்கிலும் மடிக்காம்பிலும் அவ்வாறே. வளர்ந்த மாடுகளிற் பெரும்பாலானவை இரண்டு மூன்று கிழமைகளிற் தேறிவிடும். இளங்கன்றுகளின் நிலை வேறு. நோய் அவற்றின் இதயத்தையே தாக்குவதால், கொப்புளம் தோன்றுமுன்னரே திடுமென விழுந்து இறப்பதும் உண்டு.

தேறிய மாடும் முழுதாகத் தேறியதன்று. காம்பிற் புண்பட்டதனால் மடிநோய் தொடரும். இழந்த பால் அந்த ஈற்றில் மீள்வது அரிது. சில மாடுகள் பின்னர் வெயிலிற் சிறிது நடந்தாலும் மூச்சிரைக்கும். மயிர் நீண்டு வளரும். ஏர் இழுத்த எருது நிழலைத் தேடும். தேறிய மாட்டின் தொண்டையிற் சில வேளை ஆண்டுக்கணக்காக இந்நோய்க் கிருமி தங்கியிருத்தலும் உண்டு.

இந்நோயின் காரணத்தைக் கண்ட வரலாறு அறிவியலில் ஒரு மைல்கல். 1898ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர்களாகிய லொஃப்லரும் ஃபுரோசும், பற்றீரியாக்கள் யாவற்றையும் தடுத்து நிறுத்தும் நுண்வடியினூடாகவும் இந்நோயின் நஞ்சு கடந்து சென்று நோயை உண்டாக்குகிறது எனக் காட்டினர். விலங்குகளுக்கு நோய் தரும் வைரசு ஒன்று முதன்முதல் அறியப்பட்டது இவ்வாறே. ஆகவே பிற்காலத்தில் வளர்ந்த வைரசு ஆராய்ச்சி முழுவதும் மாட்டின் வாய்க்கு ஒருவகையிற் கடன்பட்டதே. இவ்வைரசு ஏழு இனங்களாக உள்ளது. ஓர் இனத்துக்கு இட்ட ஊசி மற்றோர் இனத்தைத் தடுக்காது. இட்ட ஊசியின் காப்பும் சில மாதங்களே நிலைக்கும். இதனாலேயே மீட்டும் மீட்டும் ஊசி போடவேண்டியுள்ளது. “போன முறையும் போட்டீர்களே, பின்னும் எதற்கு?” என்று எம்மைக் கேளாத வீடு இல்லை எனலாம்.

குழந்தைகளுக்கு வரும் ‘கை கால் வாய் நோய்’ வேறொன்று என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். பெயரொற்றுமை கண்டு அஞ்சி, நோயுற்ற மாட்டைத் துரத்திவிட்ட வீடுகளும் உள. மாட்டிலிருந்து அது குழந்தைக்கு வருவதில்லை.

நிற்க. நம் குடாநாட்டின் வேளாண்மையோடு இந்நோய்க்குள்ள தொடர்பை நோக்குவோம். ஆறில்லாத நாடு இது. கிணற்று நீரும் மாட்டெருவும் ஆட்டெருவும் குழையுமே நம் தோட்டங்களைக் காத்தவை. புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் பட்டியடைத்த நிலத்திலேயே செழித்தன. ஒரு தோட்டத்தில் சில இரவு, மறு தோட்டத்தில் சில இரவு எனப் பட்டி நகரும். பட்டியுடன் எருவும் நகரும். எருவுடன் நோயும் நகரும். தரவையிற் பல ஊர் மாடுகள் ஒன்றாய் மேயும். ஒரே குளத்தில் நீர் அருந்தும். வண்டிற் சில்லும், கயிறும், தவிட்டு வாளியும், ஏன், மாடு பார்க்க வந்த தரகரின் செருப்புங்கூட நோயைச் சுமக்கும். ஆனையிறவைக் கடந்து வன்னியிலிருந்து வரும் மாடுகளைச் சில நாட்கள் புறம்பே கட்டிவைத்துப் பின்னர் மந்தையிற் சேர்த்தால் எத்தனையோ கொட்டில்கள் தப்பும். ஆனால் புதுமாட்டை வாங்கியவர் அதை அன்றே அயலவர்க்குக் காட்டி மகிழ விரும்புவாரேயன்றித் தனியே கட்டிவைக்க விரும்பார். 2014ஆம் ஆண்டில் இலங்கையின் பல மாவட்டங்களில் இந்நோய் பரவியபோது, மாடுகளின் போக்குவரத்தைத் தடுப்பதன் தேவையை நாடு முழுவதும் உணர்ந்தது. 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அதற்கு வேண்டிய அதிகாரத்தை முன்னரே வழங்கியிருந்தது.

பண்டைக் கைம்மருந்துகளைப் பற்றியும் சில சொல்வோம். நம் முன்னோர் மாட்டு வாகடம் என ஒரு கலையே வைத்திருந்தனர். உப்புநீராலும் படிகாரநீராலும் வாயைக் கழுவுதல், புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் இடுதல், குளம்பிற் புழு வையாமற் காத்தல், வைக்கோலை நிறுத்திக் கஞ்சியும் இளம்புல்லும் ஊட்டுதல் ஆகிய இவை இன்றும் நாம் கூறும் முறைகளே. கொண்டீசு கலந்த நீர் பின்னர் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார், சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்தரைத்து நாக்கிலும் வாயினுள்ளும் தடவும் முறையை உழவரிடையே பரப்பியுள்ளனர். இவை யாவும் புண்ணை ஆற்றுவன; நோயைத் தடுப்பன அல்ல. இவ்வேறுபாட்டை அறியாமையே இடர். சுட்ட இரும்பால் மாட்டுக்குக் குறிசுடுதலோ புண்மேற் புண்ணைச் செய்வதன்றி வேறில்லை. வைரவருக்குப் பொங்கலிடுவதை நாம் தடுத்ததில்லை. பொங்கலிட்ட கையோடு ஊசிக்கும் மாட்டைப் பிடித்துத் தாருங்கள் என்றே வேண்டினோம்.

எம் சேவைக் காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறுதல் தகும். வலிகாமத்துக் கிராமமொன்றில், கணவனை இழந்த அம்மையார் ஒருவர், ஒரு பசுவின் பாலைக் கொண்டே மூன்று பிள்ளைகளைப் படிப்பித்து வந்தார். அவ்வொழுங்கையால் நாம் செல்லுங்காற் பசுவின் வாயிலிருந்து நீர் வடிவதைக் கண்டு உட்புகுந்தோம். நோய் ஐயமற விளங்கிற்று. அம்மையார் எம்மைப் படலையடியில் நிறுத்தி, “தம்பி, நீங்கள் எழுதினால் என் பாலை ஒருவரும் வாங்கமாட்டார்கள். எழுதாமற் போனால் இது பத்து நாளில் மாறிவிடும். பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்” என்றார். அவர் கூறியதில் ஒரு சொல்லேனும் பொய்யன்று. பசு தேறிவிடும் என்பதும் உண்மை. பால் விலைப்படாது என்பதும் உண்மை. ஆயின் அவ்வொழுங்கையில் அவரைப் போல் ஒரு பசுவையே நம்பிய வீடுகள் வேறும் ஆறு இருந்தன என்பதும் உண்மை.

நாம் எழுதினோம். மறுநாட் காலையில் அயலிலுள்ள ஊர்களின் மாடுகளுக்கெல்லாம் ஊசி இடப்பட்டது. நோய் அவ்வொழுங்கையைத் தாண்டவில்லை. அம்மையாரின் கன்று நான்காம் நாள் இறந்தது. பசு பிழைத்தது, ஆனால் முன்போற் பால் கறக்கவில்லை. அவருக்கு நட்டஈடு தருவதற்கு வழி ஏதும் எம் கைவசம் இருக்கவில்லை. அந்த ஆறு வீட்டாரும் தம்முட் பேசி, ஒரு மாத காலம் முறைவைத்து அவர் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தனர். இதனை எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. கன்றுக்காக அம்மையார் எம்மை நொந்துகொண்டாரோ என்பதை நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஊசிக் காலத்தில் மாட்டை முதலிற் கொணர்ந்து கட்டியவர் அவரே.

கால்நடை நோயின் உள்முடிச்சு இதுவே என்று நாம் கருதுகின்றோம். நோயை மறைப்பவன் தீயவன் அல்லன், ஏழை. வெளிப்படுத்துவதால் வரும் நட்டம் அவன் ஒருவனுக்கு. வரும் நன்மை ஊருக்கு. இந்தக் கணக்கை நேராக்காமற் சட்டத்தை மாத்திரம் உரத்துப் படித்தாற் பயனில்லை. அரசாயினும் சங்கமாயினும் அயலாராயினும், உண்மை சொன்னவனின் நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஊரிலேயே நோய் நிற்கும்.

இவ்விடத்து மற்றுமொரு வாய்நோயை ஒப்புநோக்குதல் நன்று. வெக்கை நோய் எனப்பட்ட மாட்டுக் கொள்ளைநோயும் வாயிலேயே தன் முதற் குறியைக் காட்டும். ஈற்றிலும் நாக்கின் அடியிலும் தவிடு தூவியது போன்ற வெண்படலம் தோன்றி, உரிந்து புண்ணாகும், பின்னர்க் கழிச்சல், பின்னர்ச் சாவு. 1880களின் பிற்பகுதியில் ஆபிரிக்காவிற் புகுந்த இந்நோய் அங்குள்ள மாடுகளிற் பெரும்பகுதியை மாய்த்து, மாட்டை நம்பிய மக்களையும் பஞ்சத்தில் ஆழ்த்திற்று. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1761இல் மிருக வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டதும் இதன் கொடுமையை அடக்கும் நோக்கினாலேயே. இலங்கையில் 40 ஆண்டுகளாக மறைந்திருந்த இந்நோய், 1987இல் இந்திய அமைதிப்படையினரின் உணவுக்காகக் கப்பலிற் கொணரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் வந்து சேர்ந்தது. 1994இன் பின் அது இந்நாட்டிற் காணப்படவில்லை. 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே அது ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதனுக்கு வரும் பெரியம்மை 1980இல் ஒழிந்தமை போல, விலங்கு நோய்களுள் முற்றாக ஒழிந்தது இஃதொன்றே.

கொடிய வெக்கை ஒழிந்தது; அதனினும் இலேசான கால்வாய் நோய் ஒழியவில்லை. ஏன்? வெக்கைக்கு ஊசி ஒருமுறை இட்டால் நெடுங்காலம் காக்கும். பிழைத்த மாடு கிருமியைச் சுமப்பதில்லை. இவை அறிவியற் காரணங்கள். மற்றொன்றும் உண்டு. வெக்கை கொன்றது, ஆகவே அரசர்களும் அரசுகளும் அஞ்சி எழுந்தனர். கால்வாய் நோய் கொல்வதில்லை. சிறிது சிறிதாக ஏழையின் செம்பிலிருந்து பாலைக் குறைக்கின்றது. அதற்கு அஞ்சி எழுவார் இலர். செல்வ நாடுகளின் நிலை வேறு. 2001இல் பிரித்தானியாவில் இந்நோய் தோன்றியபோது 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. 1988இன் பின் ஜேர்மனியில் இல்லாதிருந்த நோய் 2025 தையில் பேர்லினுக்கு அண்மையில் எருமைகளிற் காணப்பட்டதும், பல நாடுகள் அங்கிருந்து இறைச்சியும் பாலும் வாங்குவதை நிறுத்தின. ஆவை வழிபடும் நாம் அவர்களைப் போல் மந்தை மந்தையாய்க் கொல்ல ஒருப்படோம். அங்ஙனமாயின் ஊசியையும் ஒதுக்கிக் கட்டுதலையும் அவர்களினும் பன்மடங்கு கருத்தாய்ச் செய்யும் கடமை நமக்குண்டு.

போர்க்காலமும் ஒரு பாடம் புகட்டிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, பலர் இறுதியாகச் செய்த வேலை மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டதே. கட்டில் நின்று பட்டினியாற் சாவதினும் அவிழ்ந்து திரிந்து பிழைக்கட்டும் என்று எண்ணினர். மாதங்கள் கழித்து மீண்டோர், தம் மாட்டைக் காதுக்குறியாலும் கொம்பின் வளைவாலும் தேடியதை நாம் அறிவோம். யாருடையதென்று அறியாத மாட்டுக்கு வைத்தியம் செய்விப்பார் இல்லை. ஊசிக்குப் பிடித்துத் தருவாரும் இல்லை. ஒரு மாடு நலமாயிருப்பதற்கு மருந்துக்கு முன் வேண்டியது அதனைத் தன்னதென்று கொள்ளும் ஒருவர் என்பதை அன்று கண்டோம்.

ஏனைய வாய்நோய்களைச் சுருக்கமாகக் கூறி அமைவோம். ஆட்டுக்குட்டிகளின் உதட்டிற் பொருக்குப் பொருக்காக எழும் புண் ஒருவகை வைரசினால் வருவது. தாயின் மடிக்கும் தொற்றும். மருந்திடுவார் கைக்கும் தொற்றும். பெரும்பாலும் தானே ஆறும். மரநாக்கு என்பது, முரட்டுத் தீனியாலும் முள்ளாலும் நாக்கிற் பட்ட காயத்தின் வழியே பற்றீரியா புகுந்து நாக்கைக் கட்டையாக்குவது. காலத்தே கண்டால் மருந்துக்கு இணங்கும். நாய்க்கும் பூனைக்கும் பல்லிற் காறை படிந்து ஈறு அழற்சியுறுதல் பெருவழக்கு. வாய்நாற்றம் முதுமையின் இயல்பென்று அதனை விட்டுவிடுதல் தகாது.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூறுவோம். மாடு வாய்நீர் வடித்து, விழுங்கமாட்டாமல், குரல் மாறிக் கத்துமாயின், தொண்டையில் ஏதோ சிக்கியது எனக் கருதி உடனே கையை வாயினுள் விடாதீர்கள். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இக்குறிகளே தோன்றும். அவ்வுமிழ்நீர் கையிலுள்ள சிறு கீறலிற் பட்டாலும் உயிருக்கு இடர். நீர்வெறுப்பு நோய் தோன்றியபின் மருந்தில்லை. தோன்றுமுன் ஊசி உண்டு. முதலில் மிருக வைத்தியரை அழைத்தலே அறிவுடைமை. கை பட்டுவிட்டாற் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமும் பொறியியலும் கற்க விரும்புவோர் பலர், வாழ்க. பேராதனையில் மிருக வைத்தியமும் ஒரு கலையாகக் கற்பிக்கப்படுகின்றது என்பதையும் சிறிது நினைவிற் கொள்க. அங்கே உங்கள் நோயாளி தன் நோவைச் சொல்லமாட்டார்; நன்றியும் சொல்லமாட்டார். உங்கள் கண்ணும் கையுமே அவருக்கு வாய். பழைய மாணவராகிய நண்பர்க்கும் ஒன்று சொல்வோம். கடல் கடந்து வாழ்வோர் பலர் ஊரிலுள்ள உறவினர்க்குப் பசு வாங்கிக் கொடுக்கின்றனர். மிக நன்று. அப்பசுவுக்கு ஒரு தனிக் கொட்டிலும், குறித்த காலத்தில் ஊசியும், அது நோயுற்ற மாதத்தில் அவ்வீட்டுக்குச் சிறு உதவியும் சேர்த்துக் கொடுப்பின் அக்கொடை முழுமை பெறும்.

பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு நிறம் பூசி மாலை சூட்டுகின்றோம். அதற்கு முன் ஒரு கணம் அதன் உதட்டை விலக்கி நாக்கையும் ஈற்றையும் பாருங்கள். சிவப்பின்றிப் புண்ணின்றி ஈரமாய் இருந்தால் மனநிறைவோடு பொங்கலை ஊட்டுங்கள். கல்லூரித் தாய் வாழ்க. அவள் பிள்ளைகளின் இல்லந்தோறும் ஆவினம் நோயின்றிப் பெருகுக.